மிளகில் தொடங்குங்கள்: செட்டிநாட்டு வளவு வெளிச்சத்தில் மேக்ரோ படம் எடுக்க ஒரு வழிகாட்டி

கல்பாசியைக் குழம்பில் போட்டிருப்போம், நின்று பார்த்திருக்க மாட்டோம். ஒரு துண்டை எடுத்து, மிகக் கிட்டத்தில் பெரிதாக்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் வெளிறிய சாம்பல். கீழ்ப்பக்கம் கருப்பு. ஓரமெல்லாம் காதுமடல் மாதிரி சுருண்டிருக்கும், சுருளின் விளிம்பில் மாவு தூவினாற்போல் பொடி ஒட்டியிருக்கும். பெயர்தான் பாசி. உண்மையில் பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன் அது.

இதை முதல் தடவை எடுத்தபோது எனக்கு ஒரு ஓரம் மட்டும் தெளிவாக வந்தது, மீதியெல்லாம் புகை. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்தேன். புதிதாக மேக்ரோ லென்ஸ் வாங்கிய நண்பர்களும் இதே புகாரோடுதான் வருகிறார்கள். அநேகமாக லென்ஸ் மேல் குற்றம் இருக்காது. வாங்கிய மறுநாளே பூச்சியைத் தேடி ஊரணிக் கரைக்கு ஓடியதுதான் குற்றம். ஓடுகிற பொருள், அடிக்கிற காற்று, உச்சி வெயில், பழகாத லென்ஸ் என்று நாலையும் ஒரே நாளில் சமாளிக்க யாராலும் முடியாது.

செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய வீடுகளின் நடுவிலேயே ஸ்டுடியோவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வானம் பார்த்த முற்றமான வளவு, சுற்றிலும் தாழ்வாரம், பளபளவென்று வெள்ளைச் சுவர். முதல் ஒரு மாதம் அசையாத பொருள்களை வைத்து அங்கேயே பழகுங்கள், பூச்சிக்கு அப்புறம் போகலாம். கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அதுதான்.

கடைக்கு ஒரு ரூபாயோடு போங்கள்

லென்ஸில் 1:1 என்று போட்டிருந்தால், பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும் என்று அர்த்தம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. ஆகவே 1:1-ல் உங்கள் கண்ணுக்கு அகப்படும் உலகமே 36-க்கு 24 மி.மீ.தான். இப்போது புழங்கும் சின்ன ஒரு ரூபாய் நாணயம் 20 முதல் 22 மி.மீ. வரை குறுக்களவு. பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போனால், நாணயம் மேலும் கீழும் சின்ன இடைவெளி விட்டு உயரத்தை நிறைக்க வேண்டும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் கேமராவில் சென்சாரின் உயரமே 15 மி.மீ. சொச்சம், அதனால் நாணயம் முழுதாக அடங்கவே கூடாது. அடங்கினால் அது 1:1 லென்ஸ் இல்லை. பல ஜூம் லென்ஸ்களின் மேல் மேக்ரோ என்று அச்சடித்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அவை போகும்.

குவியத்தூரம் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ள லென்ஸ்தான் முதல் லென்ஸுக்கு நல்லது என்பது என் எண்ணம். கேனான், நிக்கான், சோனி, டாம்ரான் எதுவாக இருந்தாலும் இந்த வகையில் மோசமான லென்ஸ் கிடைப்பது அரிது. நிக்கான் மட்டும் மேக்ரோ என்று எழுதாமல் மைக்ரோ என்று எழுதும், குழம்ப வேண்டாம். 60 மி.மீ. லென்ஸ் விலை குறைவு, கனமும் குறைவு. ஆனால் 1:1-க்குப் போகும்போது லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவில் 5 முதல் 10 செ.மீ.தான் மிஞ்சும், லென்ஸின் நிழலே பொருள் மேல் விழுந்துவிடும். 100 மி.மீ. லென்ஸில் 30 செ.மீ. என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது சென்சாரிலிருந்து அளந்த தூரம். கேமராவும் லென்ஸும் அடைத்துக்கொண்டது போக முன்னால் கிடைப்பது 13, 14 செ.மீ.

காசு இல்லையென்றால் கையில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடலாம். கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம் அது. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பெரிதாக்கம் தெரியும். 25 மி.மீ. வளையம் என்றால் 25-ஐ 50-ஆல் வகுக்க, அரை. அதாவது நாணயம் நிஜ அளவில் பாதியாகச் சென்சாரில் விழும். கல்பாசிக்கு அதுவே போதும். போனில் எடுப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் வெளிச்சப் பகுதி அப்படியே பொருந்தும். மற்றதைக் கடந்து நேராக அங்கே போய்விடலாம்.

மிளகுப் பாடம்

ஒரு மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 5 மி.மீ. இருக்கும். ட்ரைபாடில் கேமராவை மாட்டி, 1:1 தூரத்துக்கு வந்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். இந்தத் தூரத்தில் அது முன்னும் பின்னும் அலைந்து உயிரை வாங்கும். திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, மிளகின் நெற்றியில், அதாவது உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சுருக்கத்தில், கையால் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/2.8, எஃப்/8, எஃப்/16, எஃப்/32 என்று (எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறுக்கும்) நாலு படம் எடுத்துக் கணினியில் அருகருகே திறந்து பாருங்கள்.

எஃப்/2.8-ல் ஃபுல் ஃபிரேமில் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு சுருக்கத்தின் முதுகு மட்டும் தெரியும். எஃப்/8-ல் ஏறக்குறைய 1 மி.மீ. கிடைக்கும், மிளகில் ஐந்தில் ஒரு பங்கு. எஃப்/16-ல் சுமார் 2 மி.மீ. அப்படியானால் எஃப்/32-ல் முழு மிளகும் தெளிவாக வர வேண்டும் அல்லவா? வராது. எல்லாமே ஒரே சீராக மங்கி, எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் இருக்கும். சின்னத் துளை வழியாக நுழையும் ஒளி வளைந்து பரவுவதால் வரும் கோளாறு இது. மேக்ரோவில் இது இன்னும் சீக்கிரமே வந்துவிடும். 1:1-ல் நீங்கள் வைக்கும் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடுகிறது. எஃப்/8 என்று வைத்தால் எஃப்/16 போல நடந்துகொள்ளும், எஃப்/32 என்றால் எஃப்/64 போல. வெளிச்சமும் அதே கணக்கில் இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காக, குறையும். நிக்கான் கேமராக்களில் கிட்டே போகப் போக எஃப் எண் தானாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். பழுது இல்லை, அது இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறது.

என் முதல் வருடம் முழுக்க எஃப்/32-லேயே போனது. ஆழம் வேண்டும் என்று திருகிக்கொண்டே போவேன். ஒரு மழைக்காலத்துப் படங்கள் மொத்தமும் ஹார்ட் டிஸ்கில் இன்னும் மங்கலாகக் கிடக்கின்றன. இப்போது எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் வெளியே நான் போவது அபூர்வம்.

இன்னொன்றும் மிளகே சொல்லிக்கொடுக்கும். கருப்புப் பொருள் படச் சட்டத்தை அடைத்துக்கொண்டால் கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், மிளகு சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு நேர் எதிர், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். பணியாரத்தைச் சட்டியிலிருந்து எடுத்ததும் ஓடி வந்து எடுக்காதீர்கள். ஆவி முன்கண்ணாடியில் படிந்துவிடும். ஆறட்டும்.

கேமராவின் முதுகும் பொருளின் முகமும்

ஆழம் 1 மி.மீ.தான் என்றால், அந்த 1 மி.மீ.-ஐ எங்கே விரிப்பது என்பதுதான் கேள்வி. பாய் விரிப்பது மாதிரிதான். தட்டையான பொருள் மேல் அதைத் தட்டையாக விரித்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தெளிவு கிடைக்கும். சாய்த்து விரித்தால் நடுவில் ஒரு கோடு மட்டும் கிடைக்கும்.

கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிப் பருத்திச் சேலை. கட்டத்தின் அரக்கு நூலும் மஞ்சள் நூலும் குறுக்கே சந்திக்கும் இடத்தில் 1:1 வைத்துப் பாருங்கள். இரண்டு நிறமும் கலந்து தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்த இடம், கிட்டத்தில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறிப் போகும். நூலிலிருந்து பிரிந்து நிற்கும் பஞ்சு மயிர்கூடத் தெரியும். ஆனால் கேமரா 3 டிகிரி சாய்ந்திருந்தால் போதும், 36 மி.மீ. அகலத்தில் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட ஏறக்குறைய 2 மி.மீ. பின்னால் போய்விடும். உங்களிடம் இருக்கும் ஆழம் அதில் பாதி. 3 டிகிரி சாய்வைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைத் துணி மேல் தட்டையாக வையுங்கள். திரையில் லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த வட்டம் சரியாகச் சட்டத்தின் நடுவுக்கு வரும்வரை ட்ரைபாடைச் சரிசெய்யுங்கள். வந்துவிட்டால் கேமரா நேராக நிற்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு, துணியில் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு, அதாவது கையால் செய்யும் தரை ஓட்டுக்கு, கண்ணாடிகூட வேண்டாம். நன்றாகப் புழங்கிய தரை என்றால் லென்ஸ் அதிலேயே தெரியும். காரணம் அதைச் செய்யும் முறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறக்குழம்பை அதன் அறைகளில் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக வைக்கிறார்கள். கண்ணாடி மேல் படிந்து இறுகிய முகம் என்பதால் அந்த மினுமினுப்பு. மேக்ரோவில் பார்க்க வேண்டியது இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோடு. தூரத்தில் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். கிட்டத்தில் பச்சை கொஞ்சம் மஞ்சளுக்குள் கசிந்திருக்கும், ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழ் வெடித்த குழிகள் இருக்கும். கையால் ஊற்றியது என்பதற்கு அதுதான் சாட்சி.

படம் எடுக்கும் முன் தூசி தட்டுங்கள். மிருதுவான பெயிண்ட் பிரஷ் ஒன்று, காற்றடிக்கும் ரப்பர் பம்ப் ஒன்று போதும். கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழை படத்தில் கயிறு மாதிரி கிடக்கும். அப்புறம் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

வளவு என்னும் ஸ்டுடியோ

பொருளைச் சுற்றி வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு அகலமாக வருகிறது என்பதில்தான் பாதிப் படம் இருக்கிறது. தெளிவு என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு ஃபோகஸ் அல்ல, சின்னச் சின்ன மேடு பள்ளங்களின் நிழல்தான். அந்த நிழல் இல்லாவிட்டால் கச்சிதமாக ஃபோகஸ் ஆன படமும் சப்பென்று இருக்கும்.

காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் வளவின் மேற்குப் பக்கத்தில்தான் வெயில் விழும். நீங்கள் கிழக்குத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். நேர் வெயில் படாது. திறந்த வானமும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து அகலமான, மெத்தென்ற வெளிச்சமாக உங்களிடம் வரும். சாயங்காலம் மேற்குப் பக்கம். உச்சி வெயிலில் கேமராவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். வளவுக்கு மேல் குரங்குக்குப் பயந்து கம்பிவலை போட்டிருப்பார்கள். நேர் வெயிலில் அதன் கட்டங்கள் தரையில் மட்டுமல்ல, உங்கள் மிளகின் மேலும் விழும்.

அடுத்தது நான் ரொம்ப நாள் கழித்துக் கண்டுகொண்ட விஷயம். பொருளைத் தூணோரத்தில் வைத்தால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வரும், ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால் வானம் மேலே இருக்கிறது. அதே பொருளைத் தாழ்வாரத்தின் உள்ளே, சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். கூரை மேல்வானத்தை மறைக்க மறைக்க, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே வரும். சுவரோரம் வரும்போது ஏறக்குறைய படுக்கைவசமாக இருக்கும். ஒரு பலகையில் பொருளை வைத்து ஒவ்வொரு அடியாக நகர்த்துவதே லைட்டைத் திருப்புவதற்குச் சமம். கொட்டான் கூடையின் ஓலைப் பின்னல், நிலைக்கதவின் தேக்குச் செதுக்கல், சேலை நெசவு இவற்றுக்கெல்லாம் சுவரோரம். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். கல்பாசி, அன்னாசிப்பூ மாதிரி ஏற்கெனவே குழிகள் ஆழமாக உள்ளவற்றுக்குத் தூணோரம். இல்லாவிட்டால் பாதி கரியாகிவிடும்.

வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் துண்டை நிறுத்துங்கள். கிட்டே கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளினால் கருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடென்றால் தெர்மகோல்கூடத் தேவைப்படாது. வெயில் நேராக அடித்தே தீரும் இடத்தில் வேட்டியை ஒரு மடிப்பாகக் கட்டித் தொங்கவிடலாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டி படத்துக்கும் கொஞ்சம் நீலம் போடும், கவனம். அதைவிடத் தொல்லை தரை. சிவப்புத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி பொருளின் அடிப்பக்கத்தைச் சிவப்பாக்கிவிடும். ஜன்னலுக்கு மேலே வண்ணக்கண்ணாடி பதித்த வீடுகளில் இன்னும் மோசம். பொருளுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பரப்புங்கள், முதல் படத்தில் அந்தத் தாளையும் சேர்த்து எடுங்கள், கோப்பை, சென்சார் பதித்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் வையுங்கள். கணினியில் தாளை வெள்ளை என்று காட்டினால் நிறம் நேராகிவிடும்.

மினுங்கும் பொருள்களுக்கு மட்டும் விதி வேறு. பித்தளைச் செம்பு, எனாமல் மூடி, பழைய பூட்டு இவற்றின் மேல் தெரிவது பொருளல்ல, சுற்றியிருக்கும் உலகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட சாமான்கள் குவிந்து கிடக்கும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள், அல்லது ஒரு சின்னப் பூட்டையாவது வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அதைச் சுற்றிப் பட்டர் பேப்பரைக் கூண்டு மாதிரி வளைத்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். பூட்டின் மேல் உங்கள் சட்டை தெரிவதற்குப் பதில் வெள்ளைக் காகிதம் தெரியும். ஆத்தங்குடிக் கல்லுக்கு இதற்கு மாறாகக் கருப்புத் துணி வேண்டும். கல்லில் எந்தத் திசை பிரதிபலிக்கிறதோ அந்தத் திசையில் கருப்புத் துணியைப் பிடித்தால் நிறம் சட்டென்று ஆழமாகும்.

ஆடாமல் இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 நொடி டைமர் வையுங்கள், ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஊஞ்சலில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

ஒரு படத்துக்கு இருபது படம்

முழு மிளகும் தெளிவாக வேண்டும் என்றால் அடுக்கித்தான் ஆக வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரை ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரிசையாக எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளில் ஒன்றுசேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே உள்ளவை, ஃபோட்டோஷாப்பும் செய்யும். புதிய கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸைத் தானாக நகர்த்தி எடுக்கும் வசதி இருக்கிறது, மெனுவில் தேடிப் பாருங்கள்.

கணக்கு இப்படி. எஃப்/8-ல் ஆழம் 1 மி.மீ. ஒரு படமும் அடுத்த படமும் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஆகவே ஒவ்வொரு அடியும் அரை மி.மீ. மிளகின் முன்பாதி 2.5 மி.மீ. ஆறு படம் போதும். கிடத்தி வைத்த அன்னாசிப்பூவை மேலிருந்து எடுத்தால் உயரம் 10 மி.மீ. வரை வரும், இருபது படம். பயப்படத் தேவையில்லை, மொத்தம் இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் வெளிச்சம் மாறக் கூடாது, பொருள் அசையக் கூடாது. வளவுக்கு மேல் மேகம் கடந்தால் நடுவில் நாலு படம் இருண்டு, அடுக்கிய படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். வானத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேகத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பள்ளத்தூரில் நண்பன் வீட்டுத் தாழ்வாரத்தில் அன்னாசிப்பூ ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு இதழும் விரிந்து, ஒவ்வொரு இதழிலும் வார்னிஷ் அடித்தது போல் ஒரு விதை. பதினாலாவது படம். அடுப்படியிலிருந்து ஆச்சி வந்தார்கள்.

“ஏந்தம்பி, இத்துனூண்டு பூவுக்கா இம்புட்டு நேரம்?”

“இன்னும் ஆறு படம்தான் ஆச்சி.”

“இதத்தான தேடிக்கிட்டிருந்தேன்” என்று அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானக் குழம்பில் அது மிதந்தது. அன்றிலிருந்து எதை எடுக்கப் போனாலும் இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஊரணிக் கரை

மிளகும் சேலையும் கைவந்துவிட்டதா? சரி, வெளியே போகலாம். இங்கே ட்ரைபாட் பெரும்பாலும் வீண். நீங்கள் காலை விரித்து நிறுத்துவதற்குள் தட்டான் பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். விடியற்காலை ஆறு, ஆறரைக்குப் போனால் பூச்சிகள் குளிரில் விறைத்துப் பனித்துளியோடு உட்கார்ந்திருக்கும், காற்றும் இருக்காது. ஊரணிகளில் குடிநீர் எடுப்பவையும் உண்டு. செருப்போடு படியில் இறங்காதீர்கள், குளிக்கும் துறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், புல்லுக்குள் காலை வைக்கும் முன் கம்பால் தட்டிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு இப்போது ஃப்ளாஷ் வேண்டும். கேமராவின் தலையில் குமிழும் சின்ன ஃப்ளாஷ் உதவாது, லென்ஸின் நிழல் விழும். தனி ஃப்ளாஷைக் கம்பியாலோ கைப்பிடியாலோ லென்ஸின் நுனிக்கு மேலே கொண்டுவந்து, முன்னால் ஒளியைப் பரப்பும் ஒரு டிஃப்யூசர் வையுங்கள். பட்டர் பேப்பர் இரண்டு அடுக்கு, அல்லது வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி. விதி ஒன்றுதான்: டிஃப்யூசர் எவ்வளவு பெரியதோ, பொருளுக்கு எவ்வளவு கிட்டேயோ, வெளிச்சம் அவ்வளவு மெத்தென்று விழும். கேமரா மேனுவலில் ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200. ஃப்ளாஷும் மேனுவலில், முழுச் சக்தியில் எட்டில் ஒரு பங்கு. இங்கிருந்து தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் மின்னும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மிகக் குறைவு. கை நடுக்கத்தை நிறுத்துவது ஷட்டர் அல்ல, அந்த மின்னல்தான்.

ஃபோகஸ் வளையத்தை வேண்டிய பெரிதாக்கத்தில் நிறுத்திவிட்டு அதைத் தொடாதீர்கள். உடம்போடு முன்னும் பின்னும் மெல்ல ஆடி, பூச்சியின் கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள், நாலைந்து படமாக. பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை இடது கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸின் நுனியைத் தாங்கவைத்தால் இன்னும் நல்லது. காற்றடித்தாலும் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும், தூரம் மாறாது. இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு எனக்குத் தேறும் படங்கள் கண்கூடாகக் கூடின. மாமரத்தில் முசுறு எறும்பு இருக்கும் கிளையில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

எங்கே ஃபோகஸ் செய்வது? கண்ணில். மற்றதெல்லாம் மங்கினாலும் படம் நிற்கும். ஊசித்தட்டானைப் பக்கவாட்டில் எடுக்கும்போது மட்டும் சேலைப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நீளவாட்டில் கேமராவின் முதுகுக்கு இணையாக இருந்தால் தலை முதல் வால் வரை ஒரே படத்தில் வரும்.

மழை பெய்து செம்மண் ஈரமான காலையில் தம்பலப்பூச்சியைத் தேடுங்கள். பட்டுப்பூச்சி என்றும் சொல்வோம், சங்கப் பாட்டில் மூதாய். எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கு உறவு. ஒரு சென்டிமீட்டர் அளவில் வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டது போல் ஊரும். இதில் இரண்டு சிக்கல். மேலிருந்து எடுத்தால் வெறும் சிவப்புப் பொத்தான் மாதிரி இருக்கும். முழங்கை மண்ணில் பட, வயிற்றில் படுத்து அதன் உயரத்துக்கு இறங்க வேண்டும், சட்டை போனால் போகட்டும். இரண்டாவது சிக்கல் அந்தச் சிவப்பு. கேமரா காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்சத்தின் வரைபடம், சரியாக இருக்கும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக வழிந்திருக்கும், மயிர்க்கால்கள் கரைந்து ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும்படி வைத்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு ஃப்ளாஷைக் குறையுங்கள். பின்னணி செம்மண் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை.

மழை படாத திண்ணையடி மணலில் புனல் மாதிரி குழிகள் இருந்தால் அங்கே குழியானைப் பூச்சி இருக்கிறது. தோண்டி எடுக்க வேண்டாம். குழிக்கு நேர் மேலே லென்ஸை நிறுத்தி, அடியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருங்கள். எறும்பு சறுக்கும்போது அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு மணலுக்குள்ளிருந்து வெளியே வரும். ஃப்ளாஷ் தயாராக இருக்கட்டும், அரை நொடிதான். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கவைத்து எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விடியலில் எழுந்தால் அந்த வேலையைப் பனியே செய்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கழற்றாதீர்கள். செம்மண் தூசி மாட்டும் வளையத்தில் உட்கார்ந்திருக்கும், கழற்றினால் நேராகச் சென்சாருக்குப் போகும். முதலில் காற்றடித்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தின் நிறம் மாறினால் காயவைத்துப் போடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார் ஒருவர். செய்து பார்த்தேன். ஃபோகஸ் வளையத்தின் இடுக்கிலிருந்து இரண்டு வாரம் அரிசி மாவு உதிர்ந்துகொண்டே இருந்தது.